மாடித்தோட்டத்திற்கு மண்கலவையும் உரமும் நீர்ப்பாய்ச்சலும்: எதை முதலில் முடிவு செய்வது

மொட்டை மாடியில் தக்காளியோ கத்தரியோ வளர்க்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் முதலில் பைகளை வாங்குகிறார். பிறகு மண்கலவையைத் தேடுகிறார், அதன் பிறகு உரத்தைப் பற்றி விசாரிக்கிறார். நீரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை, ஏனெனில் அது குழாயைத் திறந்தால் வந்துவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் கிடைக்கும் நீர் எப்படிப்பட்டது, அதை ஒரு நாளில் எத்தனை முறை ஊற்ற ஆள் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் எந்தக் கலவை பொருந்தும் என்று சொல்ல முடியும். கலவை எது என்று முடிவான பிறகுதான் எந்த உரத்தை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை கொடுப்பது என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. மூன்றையும் தனித்தனியாக முடிவு செய்வதால்தான் நல்ல விதையும் நல்ல உரமும் இருந்தும் பல மாடிகளில் செடிகள் ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடுகின்றன.

நீரைச் சோதித்தல்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது, விலை உயர்ந்த எந்த வளர்ச்சி ஊக்கியை வாங்குவதையும்விடப் பயனுள்ளது. அந்தக் கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் அந்த நீரைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். 450 முதல் 2000 வரை உள்ள நீரைப் பயிரைப் பார்த்தும் வடிகாலைப் பார்த்தும் பயன்படுத்த வேண்டும். இது வயலுக்குச் சொல்லப்படும் அளவு. பையில் வேர் இருக்கும் இடம் குறுகியது என்பதால், 1000-ஐத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருப்பது நல்லது. சென்னையின் கடலோரப் பகுதிகளிலும் உள்மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள பல ஊர்களிலும் கோடையில் இந்த அளவைத் தாண்டிய நீர் சாதாரணமாகவே கிடைக்கிறது.

நீரை மாற்ற முடியாதவர்கள் பயிரை மாற்றிக்கொள்ளலாம். பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவை உப்பைச் சிறிதும் தாங்காதவை. மிளகாயும் தக்காளியும் ஓரளவு தாங்கும். பீட்ரூட், தட்டைப்பயறு, கொத்தவரை ஆகியவை நன்றாகவே தாங்கும். உப்பு நீர் உள்ள வீட்டில் பீன்ஸ் வரவில்லை என்று உரத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதைவிட, கொத்தவரையை விதைப்பது எவ்வளவோ மேல்.

ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. குடிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது என்பதால், மூல நீரைவிட அது எப்போதும் உப்பு மிகுந்தது. தரையில் நிற்கும் தென்னைக்கு அதை விடலாம், பையில் உள்ள செடிக்குக் கூடாது. குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் இதற்கு நேர்மாறானது. அதில் உப்பே ஏறக்குறைய இல்லை என்பதால், கடின நீருடன் கலந்து உப்பின் செறிவைக் குறைக்க அது நன்கு உதவும். மழைநீரும் அவ்வாறே. குளோரின் வாசம் வரும் குழாய் நீரை ஓர் இரவு வாளியில் திறந்து வைத்திருந்தால் வாசம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு விரைவாகச் சேர்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தால் நீரில் பைகார்பனேட் அதிகம் என்று பொருள். இத்தகைய நீர் மாதக்கணக்கில் ஊற்றப்படும்போது கலவையின் காரத்தன்மை மெல்ல ஏறுகிறது, இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாத நிலை உண்டாகிறது. கறிவேப்பிலையின் கொழுந்து இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மற்ற இடமெல்லாம் வெளிறிப்போவதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான்.

கலவையைத் தேர்ந்தெடுத்தல்

தொட்டியில் வளரும் செடியின் வேருக்கு எளிதில் கிடைக்காமல் போவது காற்று. நிலத்தில் பெய்யும் மழைநீரைக் கீழேயுள்ள மண் தொடர்ந்து ஈர்த்துக்கொண்டே போகிறது. தொட்டியில் அடித்தட்டோடு மண் முடிந்துவிடுவதால் அவ்வாறு ஈர்க்க எதுவும் இல்லை. அதனால் நீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில விரற்கடை உயரத்திற்கு நீர் நிறைந்த ஓர் அடுக்கு நின்றுவிடுகிறது. இந்த அடுக்கின் உயரத்தை முடிவு செய்வது கலவையில் உள்ள துகள்களின் பருமன். தொட்டியின் உயரத்திற்கு அதில் பங்கில்லை. துகள் நுண்ணியதாக இருந்தால் அடுக்கு உயரும், பருத்திருந்தால் தாழும். உயரம் குறைந்த தட்டில் நுண்மையான களிமண்ணை நிரப்பினால் ஏறக்குறைய முழுத் தட்டுமே ஈர அடுக்காகிவிடும், வேர் மூச்சுவிட இடம் இருக்காது.

இதனால் தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லையோ ஜல்லியையோ பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று நாம் தலைமுறைகளாகச் செய்து வருகிறோம். நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே போய் நிற்கும், வேருக்கு உள்ள இடம் அந்த அளவுக்குக் குறையும். துளையை மண் அடைக்காமலும் மண் வெளியேறாமலும் இருக்க ஒரு துண்டு கொசுவலையோ ஒற்றை ஓடோ போதும். வடிகால் வேண்டுமென்றால் அதைக் கலவை முழுவதிலும் உண்டாக்க வேண்டும்.

இனி பொருள்களைப் பார்க்கலாம். செம்மண் சத்துகளைப் பிடித்து வைத்திருக்கும், செடிக்குப் பிடிமானம் தரும். ஆனால் அது மட்டுமே இருந்தால் இரண்டு மாதத்தில் பையில் இறுகிவிடும். கரிசல் மண்ணையும் வயல் களிமண்ணையும் மாடிக்குக் கொண்டுவர வேண்டாம். காயும்போது வெடித்துப் பையின் ஓரத்தை விட்டு விலகும், நனைந்தால் சேறாகும். ஆற்று மணல் இப்போது எளிதாகக் கிடைப்பதில்லை, எம்-சாண்ட் பயன்படுத்துவோர் அதிலுள்ள கல்மாவைக் கழுவிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாவே காற்றிடத்தை அடைத்துவிடும். மணல் எடை மிகுந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தென்னை நார்க்கழிவு நம் பகுதிக்குக் கிடைத்த நல்ல பொருள். பொள்ளாச்சியிலும் சிங்கம்புணரியிலும் கயிறு திரிக்கும் தொழிலின் உபரியாகக் குவிந்த இதுதான் இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு உலகெங்கும் போகிறது. தன் எடையைப் போல எட்டு மடங்குக்குக் குறையாமல் நீரைப் பிடிக்கும். 5 கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறி ஏறத்தாழ 60 முதல் 70 லிட்டர் அளவுக்குப் பெருகும். ஆனால் அதைப் பிரித்து அப்படியே பையில் நிரப்புவது தவறு. மக்காத நார்க்கழிவில் கரிமச்சத்து (கார்பன்) தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது, அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தையும் சிறிது யூரியாவையும் அடுக்கடுக்காக இட்டு இதை மக்கச் செய்யும் முறையைப் பரவலாக்கியது. மக்கிய பின் அந்த விகிதம் ஏறத்தாழ 24-க்கு இறங்கிவிடுகிறது. வாங்கும்போது மக்கியதா என்று கேட்டு, கருமையாகவும் மண்வாசத்தோடும் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்றொன்று உப்பு. மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்திருந்தால் சோடியம் ஏறியிருக்கும். அவ்வாறு ஊறவைக்காவிட்டாலும் தென்னை மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம் மிகுதி. எனவே கட்டியை ஊறவைத்துப் பிழிந்து நீரை வடிப்பதை இரண்டு, மூன்று முறை செய்து, வடிநீரின் டிடிஎஸ் நம் குழாய் நீரின் அளவை நெருங்கும்வரை கழுவ வேண்டும். கலவையில் பாதிக்கு மேல் நார்க்கழிவு சேர்ப்பவர்கள் கடைசிக் கழுவலில் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து வடித்துவிடுவது நல்லது. நார் தன்மீது பிடித்து வைத்திருக்கும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விட்டுச் சுண்ணாம்புச்சத்தைப் (கால்சியம்) பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால், பின்னால் நாம் கொடுக்கும் சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் நாரே பிடித்துக்கொள்ளும்.

காற்றிடம் தருவதற்குப் பலர் விலை கொடுத்து பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துகளை வாங்குகிறார்கள். அது நல்ல பொருள்தான். ஆயினும் நெல் விளையும் நாட்டில் இருப்பவர்களுக்கு உமிக்கரி போதும் என்பேன். முழுதாக எரிந்து சாம்பலாகாமல், உமியின் வடிவம் கெடாமல் கருகி இருப்பதையே உமிக்கரி என்கிறோம். எடை குறைவு, எளிதில் மக்காது, காற்றிடத்தை நெடுநாள் காக்கும். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பல் அதுவன்று. அது மாவைப் போல நுண்ணியது, காரத்தன்மையும் உடையது, கலவையில் மிகுதியாகச் சேர்ந்தால் இறுகச் செய்யும்.

மாட்டு எருவோ மண்புழு உரமோ எதுவானாலும் முற்றிலும் மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சூடோ சாண வாசமோ இருக்கக் கூடாது. அரைகுறையாக மக்கிய எருவில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் வரும், வேரைச் சுடும் அமோனியாவும் வரும். மண்புழு உரத்தை மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதால் நன்மை கூடுவதில்லை; அது நுண்ணிய துகள் என்பதால் ஈர அடுக்கை உயர்த்தும்.

விகிதத்தைப் பொறுத்தவரை, செம்மண், நார்க்கழிவு, எரு மூன்றும் சமபங்கு என்பதே எங்கும் சொல்லப்படும் அளவு. தொடக்கத்திற்கு அது கெட்ட அளவன்று. ஆனால் எல்லா வீட்டிற்கும் அதுவே சரி என்பதை நான் ஏற்க மாட்டேன். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பி, நாளுக்கு ஒரு முறை மட்டுமே நீர் ஊற்ற முடிகிறவர் நார்க்கழிவை நான்கு பங்கு, மண்புழு உரத்தை மூன்று, செம்மண்ணை இரண்டு, உமிக்கரியை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்து இருவேளையும் நீர் ஊற்றும் பழக்கமுள்ளவர், குறிப்பாக மண்ணைத் தொட்டுப் பார்க்காமலே ஊற்றும் பழக்கமுள்ளவர், நார்க்கழிவை இரண்டு பங்காகக் குறைத்து உமிக்கரியை மூன்றாக உயர்த்த வேண்டும். உப்பு நீர் உள்ளவர்களுக்கும் இந்த இரண்டாவது கலவைதான் ஏற்றது, ஏனெனில் உப்பைக் கழுவி வெளியேற்ற நீர் தடையின்றி ஓட வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற பல்லாண்டுச் செடிகளுக்கு எளிதில் மக்கிப்போகும் பொருள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. செம்மண்ணும் உமிக்கரியும் அங்கே கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டில் கலவை பாதியாக அமிழ்ந்து வேர் வெளியே தெரியும். கீரைக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. நான்கைந்து வாரத்தில் முடிந்துவிடும் பயிர் அது.

கலந்த கலவை சரியாக இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பயன்படுத்தப் போகும் பையின் உயரமே உள்ள ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, அது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று நீரை ஊற்றி அளந்த பிறகு, அடியில் துளையிட்டு, துளையை டேப்பால் அடைத்துவிட வேண்டும். ஈரமான கலவையை வழக்கம் போல நிரப்பி, மேற்பரப்பில் நீர் பளபளக்கும்வரை மெதுவாக நீர் விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டுப் பிறகு டேப்பை அகற்றி, வடியும் நீரைச் சொட்டு நிற்கும்வரை மற்றொரு பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். வடிந்த நீர் இருந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது. பத்து லிட்டர் வாளியில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை வடிந்தால் கலவை நன்றாக இருக்கிறது. அரை லிட்டர்தான் வடிந்தது என்றால் உமிக்கரியைக் கூட்ட வேண்டும். இரண்டரை லிட்டருக்கு மேல் வடிந்தால் கோடையில் அடிக்கடி நீர் கேட்கும் என்று தெரிந்துகொள்ளலாம். இதே உயரமுள்ள வாளியில் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம், முன்பு சொன்ன ஈர அடுக்கு உயரம் குறைந்த பாத்திரத்தில் பெரும்பங்கை அடைத்துக்கொள்ளும் என்பதே.

எடையையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளும். 15-க்கு 15 பை 43 லிட்டர் கொள்ளும். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் என்பதால், பெரிய பையில் மண்ணை மட்டும் நிரப்பினால் ஒரு பையே அறுபது, எழுபது கிலோவாகிவிடும். நார்க்கழிவு மிகுந்த கலவையில் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். மக்கள் நடமாடும் மொட்டை மாடிகள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமையை வைத்தே பொதுவாக வடிவமைக்கப்படுகின்றன. எனவே பெரிய பைகளை உத்தரங்களும் சுவர்களும் உள்ள ஓரங்களில் வைத்து, நடுப்பகுதியைக் கீரைத் தட்டுகளுக்கு விட வேண்டும். பழைய கட்டடம் என்றால் பொறியாளரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

உரம்

மாடித்தோட்டக்காரர்களிடையே கரைசல்களைப் பற்றிப் பேசப்படும் அளவுக்குச் சத்தின் அளவைப் பற்றிப் பேசப்படுவதில்லை. ஒரு தக்காளிச் செடி 3 கிலோ பழம் தர வேண்டுமானால் அது ஏறத்தாழ 8 அல்லது 9 கிராம் தழைச்சத்தை உறிஞ்சியிருக்க வேண்டும். இது எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டுக்கொண்டால் உரத்திட்டம் தானாகவே உருவாகும். மண்புழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். ஒரு கிலோவில் 15 கிராம் இருக்கும், ஆனால் அதில் ஒரு பகுதியே அந்தப் பருவத்திற்குள் செடிக்குக் கிடைக்கும். வேப்பம் புண்ணாக்கில் ஏறத்தாழ 5 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம். ஆகவே 12 அங்குலப் பைக்கு நடவுக்கு முன் ஒரு கிலோ மண்புழு உரம் கலவையிலேயே சேர்ந்திருக்க, அதனுடன் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, செடி பூக்கும் காலத்திலிருந்து இரண்டு வாரத்திற்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினால் தழைச்சத்துக் கணக்கு சரியாகிவிடும். புண்ணாக்கு மண்ணில் புளிக்கும்போது சூடு எழும் என்பதால் கலவையை ஈரமாக்கிப் பத்து, பதினைந்து நாள் நிழலில் வைத்திருந்த பிறகே நட வேண்டும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்ற வேண்டும்.

பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றைப் புளிக்கவைத்த பஞ்சகவ்யாவும், மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்த மீன் அமிலமும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன என்று கேட்கலாம். கொடுமுடியைச் சேர்ந்த டாக்டர் கே. நடராஜன் வேளாண்மையில் பரவச் செய்த பஞ்சகவ்யாவைப் பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி என்ற அளவில் தெளிப்பது வழக்கம். மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகாமல் தெளிக்கலாம். இவற்றில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் நுண்ணுயிர்களும் இருப்பதால் துளிர்ப்பும் பூப்பும் கூடுகின்றன. ஆனால் இந்த அளவில் தெளிக்கும்போது செடிக்குச் சேரும் தழைச்சத்து மிகச் சொற்பம். அடியுரம் நன்றாக இருக்கும் செடிக்கு இவை துணை. அடியுரம் இல்லாத செடிக்கு இவற்றை மட்டுமே நம்பித் தெளித்துக்கொண்டிருப்பது அந்தச் செடியைப் பட்டினி போடுவதாகும்.

இயற்கை உரம் மட்டும் என்ற கொள்கை இல்லாதவர்கள் தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் 19 சதவீதம் வீதம் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, பைக்கு ஒரு லிட்டர், வாரத்திற்கு ஒரு முறை கொடுக்கலாம். பன்னிரண்டு வாரத்தில் அது ஏறத்தாழ நாலரைக் கிராம் தழைச்சத்தைத் தரும். மீதியை அடியுரம் தர வேண்டும். இந்த உரத்தில் சுண்ணாம்புச்சத்து இல்லை. நார்க்கழிவு மிகுந்த கலவையில் அது ஒரு பெரிய குறை. வேறொரு நாளில் லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாளியில் அடர்த்தியாகக் கரைத்தால் மணிச்சத்தும் சுண்ணாம்பும் சேர்ந்து வெண்ணிற வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும், செடிக்கு இரண்டுமே கிடைக்காது. வாரம் ஒரு முறை முழு அளவைவிட, வாரம் இரு முறை பாதி அளவு எப்போதும் சிறந்தது. காய்ந்த கலவையில் எந்த உரக்கரைசலையும் ஊற்றக் கூடாது, முதலில் வெறும் நீரால் நனைக்க வேண்டும்.

சத்துக் குறையை இலையில் படிக்கும்போது, அது முதிர்ந்த இலையில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தழைச்சத்தும் மக்னீசியமும் சாம்பல்சத்தும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே அடியிலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்து, நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியம், ஓரம் கருகினால் சாம்பல்சத்து என்று கொள்ளலாம். மக்னீசியத்திற்கு எப்சம் உப்பு லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் போதும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் இடம்பெயராதவை, எனவே அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். கடின நீர் ஊற்றப்படும் பையில் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதுவும் விரைவில் முடங்கிவிடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியுடன் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமீது தெளிப்பதே பலன் தரும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வழக்கம் கெடுதலன்று, ஆனால் நீரின் காரத்தன்மை மிகுந்திருந்தால் மோர் மட்டும் ஈடு செய்யாது.

தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகுவதைப் பார்த்தவுடன் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்கள் உண்டு. அது சுண்ணாம்புச்சத்துக் குறையின் அடையாளம்தான். ஆனால் பெரும்பாலும் கலவையில் சுண்ணாம்பு இல்லாததால் வருவதன்று. சுண்ணாம்புச்சத்து நீரோடு மட்டுமே பயணம் செய்யும். ஒரு நாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் நுனிக்கு அது போய்ச் சேராது. முட்டை ஓடு கரைவதற்குள் அந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். சரி செய்ய வேண்டியது நீர் ஊற்றும் ஒழுங்கை.

நீர் ஊற்றும் முறை

எத்தனை நாளுக்கு ஒரு முறை ஊற்றுவது என்ற கேள்விக்கு நாட்கணக்கில் விடை இல்லை. விரலை இரண்டு அங்குல ஆழம் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். சிறிய பைகளைத் தூக்கிப் பார்த்தே எடையால் அறியலாம். ஊற்றும்போது அடித்துளையிலிருந்து நீர் வெளிவரும்வரை ஊற்ற வேண்டும். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு வெளியேறினால் போதும், அதனுடன் தேங்கிய உப்பும் போகும். தினமும் மேற்பரப்பு மட்டும் நனையுமாறு தெளித்துவிட்டுப் போவது மிக மோசமான முறை. வேர் மேலேயே சுருண்டுவிடும், உப்பு முழுவதும் பைக்குள்ளேயே தங்கும். பையின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால், பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக விட்டுக் கழுவிவிட வேண்டும்.

கத்திரி வெயில் காலத்தில் முழுதாக வளர்ந்த தக்காளிச் செடி ஒன்று நாளுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் கேட்கும். காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுவது நல்லது. மாடியில் உள்ள கருப்புத் தொட்டியிலும் வெயிலில் கிடக்கும் குழாயிலும் நண்பகலில் இருக்கும் நீர் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்; அதை வேரில் விட்டால் கெடுதலே. மாலையில் ஊற்ற நேர்ந்தால் குழாயில் உள்ள சூடான நீரை முதலில் வெளியே விட்டுவிட வேண்டும். சருகையோ கரும்புச் சோகையையோ இரண்டு அங்குலம் மூடாக்காகப் போடுவதும், பைகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றின் பக்கவாட்டில் விழச் செய்வதும் நீர்த் தேவையைக் கண்கூடாகக் குறைக்கும். புதிதாகப் பை வாங்குவோர் வெளிப்புறம் வெள்ளையாக உள்ளதையே வாங்க வேண்டும்.

நார்க்கழிவு மிகுந்த கலவை முற்றிலும் காய்ந்துவிட்டால் ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும், உள்ளே நனையாது. நீர் வெளியே வருவதைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நம்பக் கூடாது. பையை அகன்ற தொட்டியில் பாதி உயர நீரில் அரை மணி நேரம் நிறுத்தி, கீழிருந்து ஈரம் ஏறவிடுவதே சரியான வழி.

பத்துப் பைகளுக்கு மேல் இருந்தால் சொட்டுநீர் அமைப்பு பயன் தரும். ஆனால் மேல்நிலைத் தொட்டியை நம்பி அமைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். சாதாரணச் சொட்டுவான்களின் மேல் எழுதியிருக்கும் அளவு 1 பார் அழுத்தத்திற்கு உரியது. தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால், மணிக்கு 2 லிட்டர் என்று எழுதியுள்ள சொட்டுவான் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும் அளவுதான் தரும். அழுத்தத்தைச் சமன் செய்யும் வகைச் சொட்டுவான்கள் இந்தக் குறைந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது. ஆகவே முதல் பை, நடுப் பை, கடைசிப் பை மூன்றிலும் குவளையை வைத்து அரை மணி நேரம் பிடித்து அளந்த பிறகே நேரத்தை முடிவு செய்ய வேண்டும். வடிகட்டி இல்லாமல் அமைத்தால் கடின நீரில் சில மாதங்களிலேயே அடைப்பு வரும்.

ஊருக்குப் போகும் நாட்களுக்குத் திரி முறை போதுமானது. பருத்தித் திரி மக்கிவிடும், நைலான் கயிறு நிற்கும். கீழிருந்து நீர் ஏறும் எந்த முறையிலும் உப்பு மேற்பரப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை மேலிருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். பெரிய பைகளில், வண்ணம் பூசாத மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடி வைக்கும் பழைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. செடிக்குத் தேவையான அளவுக்கே நீர் கசியும், ஆவியாகி வீணாவது குறைவு. கலயத்தை மூடாமல் விடுவதும், தொட்டிகளின் அடித்தட்டில் நீரைத் தேங்கவிடுவதும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுப்பதாகும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால் தட்டுகளை மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறையாவது கவிழ்த்துவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது இந்த ஏற்பாடு முழுவதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சேதம் செய்வது மிகை ஈரம். பைகளைச் செங்கல்மீது ஏற்றி அடித்துளைகள் தரையில் படியாதவாறு வைக்க வேண்டும், மூடாக்கை அகற்ற வேண்டும், சொட்டுநீரை நிறுத்திவிட வேண்டும். தொடர்மழை கரையும் சத்துகளை அடித்துக்கொண்டு போய்விடுவதால், மழை ஓய்ந்த இடைவெளியில் பாதி அளவு உரக்கரைசல் கொடுத்தால்தான் செடி வெளிறாமல் இருக்கும். வேரழுகல் வந்த பைகள் உள்ளவர்கள் மழைக்கு முன்பே டிரைகோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய எருவில் கலந்து மேலே இட்டுவிடுவது நல்லது.

பழைய கலவை

ஒரு பயிர் முடிந்ததும் கலவையைக் கொட்டிவிட வேண்டியதில்லை. நார்க்கழிவும் எருவும் மக்கி நுண்ணியதாகிவிட்டதால் காற்றிடம் குறைந்திருக்கும், உப்பும் சேர்ந்திருக்கும். எனவே தரையில் பரப்பி, வேர்களைப் பொறுக்கிவிட்டு, நன்றாகக் கழுவி வடித்து, சித்திரை, வைகாசி வெயிலில் ஈரமாகவே தெளிவான பாலித்தீன் தாளால் மூடி நான்கு வாரம் விட வேண்டும். பிறகு கொள்ளளவில் கால் பங்கு உமிக்கரியும் கால் பங்கு புதிய எருவும் சேர்த்து, மேலே சொன்ன வாளிச் சோதனையை மறுபடி செய்து பார்த்து நிரப்பலாம். பொறுக்கிய வேர்களில் சிறு சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தப் பையின் கலவையில் தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றையும் அடுத்த பருவத்தில் வைக்காமல், வேப்பம் புண்ணாக்கை இரட்டிப்பாகக் கலந்து செண்டுமல்லியை நட வேண்டும்.